சந்தனம் வைத்த டயர்

“...அப்பம் நான் பஸ்லயே போயிருதேன். நீங்க உங்க வண்டியத் தாலாட்டிக்கிட்டே பொறத்தால வாங்க” என்று என் மனைவி பாக்கியம் சொன்னபோது, நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் இன்னும் நுழையக்கூட இல்லை. ஊருக்குச் சற்று முன்னால் மடவார் வளாகத்தில், ரோட்டோரப் புளியமர நிழலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தேன். அவள் பையை எடுத்துக்கொண்டு வத்திராயிருப்பு பஸ் வரும் திசையைப் பார்த்து நின்றாள்.

காலையில் ராஜபாளையத்தை விட்டுக் கிளம்பி பதினோரு கிலோமீட்டர்தான் வந்திருந்தோம். போக வேண்டிய இடம் வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் வ. புதுப்பட்டி. அங்கே அவளுடைய பள்ளிக்கூடத்துத் தோழி செல்விக்குப் பிள்ளை பிறந்திருந்தது.

நாங்கள் திருச்சிவாசிகள். பாக்கியத்துக்குப் பிறந்த வீடு ராஜபாளையம். சில வருஷங்களுக்கு முன்னால் கொள்ளிடம் பாலத்தருகே இருவரும் வண்டியோடு விழுந்தோம். அவளுக்கு வலது மணிக்கட்டு ஒடிந்தது. கை கூடிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவள் என் பின்னால் உட்காரவே இல்லை. “விழுந்தவளுக்கு வரப்பும் கிணறுதான்” என்பாள். எண்பதுகளின் கடைசியில், ஒரு தை மாதம், அவள் ஊருக்கு வந்திருந்தபோது கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு பயணத்துக்குச் சம்மதம் வாங்கினேன். மச்சானுடைய மோட்டார் சைக்கிளுக்கு முன் டயர் தேய்ந்து வழுக்கையாகிவிட்டது, புதுசு மாட்டினால் வருகிறேன் என்றாள். மாட்டினோம். இந்தத் தடவையும் கெட்டுப்போனால் இனி ஆயுசுக்கும் நான் தனியாகத்தான் வண்டி ஓட்ட வேண்டும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

டயரை மாட்டியவர் மச்சான் தெருவில் பட்டறை வைத்திருக்கும் பங்காரு. வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிறவர். ஊர் மாப்பிள்ளை என்று எனக்குத் தனி மரியாதை. “சக்கரத்துக்கு பேலன்சிங் பார்க்க வேண்டாமா?” என்று கேட்டேன். திருச்சியில் கார்களுக்குச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

“அது காருக்கு, மாப்ளே. மோட்டார் சைக்கிளுக்கு பேலன்ஸ் ஓட்டுறவன்தான்” என்றார் அவர். “டயர்ல லேசான பக்கம் எதுன்னு கம்பெனிக்காரன் மஞ்சப் புள்ளி வச்சிருப்பான். ட்யூப்புல வால்வு இருக்கிற பக்கம் கனம். கனத்துக்கு நேரா லேசை வச்சா ரெண்டும் சரியாப் போயிரும். மாமியா பக்கத்துல மருமகள உக்கார வைக்கிற மாதிரி.” டயரின் பக்கவாட்டில் இருந்த மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேராகக் கொண்டுவந்து தட்டி முடித்தார்.

ராஜபாளையத்துக் காலை ஒரு கனவைப் போலத்தான் விடிகிறது. சஞ்சீவி மலைக்கு இடுப்பு வரை பனி. மில் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் ஓசையில்லாமல் ஒரே பக்கமாக மிதந்து போயின. வேலை முடிந்து வந்த பெண்களின் தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது, எல்லாரும் மேகத்துக்குள் படுத்து எழுந்து வந்தவர்கள் போல. ஊரைத் தாண்டியதும் இடப்பக்கம் மேற்குமலை எங்களோடு கூடவே வந்தது. தென்னந்தோப்புகள் விலகி விலகி வழிவிட்டன. பாக்கியத்தின் கை என் தோளில் இருந்தது. அந்தக் கனம் எனக்குப் புதிதாக இருந்தது.

நாற்பது வரைக்கும் வண்டி எண்ணெயில் வழுக்குவதுபோலப் போயிற்று. ஐம்பதைத் தொட்டதும் ஹேண்டில் நடுங்கத் தொடங்கியது. குறைத்தால் நின்றது, கூட்டினால் மறுபடியும் ஆடியது. தோளில் இருந்த கை சட்டையைக் கொத்தாகப் பிடித்தது. மடவார் வளாகத்தில், “நிறுத்துங்க” என்றாள்.

நாங்கள் நின்ற மரத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை. அதன் வாசலில் அமர்ந்து எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்த மெக்கானிக்கின் பெயர் சூசை. எழுந்து வந்தார்.

“ஒரு பஸ் போனா இன்னொண்ணு வரும், தங்கச்சி. புருசன் அப்பிடியா? செத்த நேரம் இரிங்க. டீ சொல்லுதேன்.”

அறுபது காசு டீ. நல்ல பால். பால்கோவா ஊரில் டீ வேறெப்படி இருக்கும்.

சூசை முன் சக்கரத்தைக் கழற்றி, அச்சோடு இரண்டு இரும்புக் கால்களுக்கு நடுவே தொங்கவிட்டு, ஒரு விரலால் தள்ளினார். சக்கரம் மெதுவாகச் சுற்றியது. கம்பிகளுக்குள் கோயில் கோபுரம் துண்டு துண்டாகச் சுழன்றது. வேகம் தணிந்து, ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடி நின்றது. வால்வு அடியில் இருந்தது. மறுபடி தள்ளினார். மறுபடியும் வால்வு அடியிலேயே வந்து நின்றது. வத்திராயிருப்பு பஸ் வந்து, நின்று, போயிற்று. பாக்கியம் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கனமெல்லாம் ஒரே பக்கம் சேந்துகிட்டு. அதான் தலைய ஆட்டுது” என்றார் சூசை.

“புள்ளி வால்வுக்கு நேராகத்தானே இருக்கிறது?” என்றேன்.

அவர் குனிந்து அந்த மஞ்சள் புள்ளியை நகத்தால் சுரண்டினார். விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

“அண்ணாச்சி, கம்பெனிக்காரன் எப்பத்துல இருந்து சந்தனம் வைக்கான்?”

பாக்கியம் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

“நான் வச்சது” என்றாள். “நேத்து வெள்ளிக்கிழமை. மாட்டுறதுக்கு முந்தி டயரைச் சாமி முன்னால வச்சேன். அதுல ஏற்கெனவே ஒரு மஞ்சப் புள்ளி இருந்துச்சு. கடைக்காரன் வச்ச பழைய பொட்டாக்கும்னு மண்ணெண்ணெ தொட்டுத் துடைச்சிட்டேன். அது எழுத்து மேல வேற இருந்துச்சு. அதான் எதிர்த்தாப்புல, எழுத்தில்லாத பக்கமாப் பாத்துச் சந்தனம் வச்சேன். இன்னொரு தடவ விழுந்துறக் கூடாதுன்னு.”

சூசை சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “சாமி தப்பா எடுத்துக்கிடாது தாயி. டயருதான் எடுத்துக்கிட்டு. வால்வுப் பக்கம் லேசுக்குப் பதிலா கனம் வந்து உக்காந்துட்டு” என்றார்.

காற்றை இறக்கி, டயரைப் பாதிச் சுற்று நகர்த்தி வைத்து, திரும்பக் காற்றடித்தார். இப்போதும் சக்கரம் ஒரு பக்கம் லேசாகத் தாழ்ந்தது. அதற்கு எதிர்ப்பக்கத்துக் கம்பியில் ஈயக் கம்பியைச் சுற்றினார். பார்த்தார். கொஞ்சம் நறுக்கினார்.

“பைக்குக்கு பேலன்சிங் வேண்டாம்னு டயர் மாட்டுன பங்காரு அண்ணன் சொன்னாரே” என்றேன்.

“மெதுவாப் போறவனுக்கு வேண்டாம்தான், ஆட்டம் தெரியாது. வேகமாப் போனா முன் சக்கரம் காட்டிக் குடுத்துரும். புதுசு மாட்டுனா ஒரு தடவ தொங்கவிட்டுப் பாத்துக்கிடணும். புள்ளி வெறும் சொல்லு, தொங்குத சக்கரம்தான் சாட்சி.”

கடைசியில் சக்கரம் நிறுத்திய இடத்தில் நின்றது. பாக்கியம் கிட்டே வந்து, ஒடிந்து கூடிய அந்தக் கையாலேயே அதைச் சுற்றி, பாதியில் பிடித்து நிறுத்திக் கையை எடுத்தாள். அசையவில்லை. வேறோர் இடத்தில் பிடித்து விட்டாள். அங்கேயும் தூங்குவதுபோல நின்றது.

“மொதல்ல நீங்க மட்டும் போயிட்டு வாங்க” என்றாள்.

வந்த ரோட்டிலேயே கொஞ்ச தூரம் போய்த் திரும்பினேன். ஐம்பதில் ஹேண்டில் அசைவற்றுக் கிடந்தது. காற்று மட்டும் இருந்தது, மலை மட்டும் இருந்தது. திருச்சியில் காவிரிக்கரையில் எத்தனையோ தடவை இப்படித் தனியாக ஓட்டியிருக்கிறேன். அது அங்கே சுகமாக இருக்கும். இங்கே பின்னால் வெறும் சீட்டு இருப்பது முதுகில் தெரிந்தது.

நான் திரும்பி வரும்போது அடுத்த பஸ்ஸும் வந்து நின்றது. கண்டக்டர் படியில் நின்றபடி, “வத்திராயிருப்பு, வத்திராயிருப்பு. ஏறுதியளாம்மா?” என்றார். பாக்கியம் பைக்குள் கைவிட்டுச் சந்தனப் பொட்டலத்தை எடுத்தாள்.

“தங்கச்சி, சக்கரத்துல மட்டும் வேண்டாம்” என்றார் சூசை.

அவள் தண்ணீர் தொட்டுக் குழைத்து, எனக்கு நேரெதிரே நின்று பார்த்து, என் நெற்றியின் நட்ட நடுவில் வைத்தாள். பஸ்ஸைப் போகச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.