திமிங்கலம் வந்த அன்று வந்த போன்

டொப்... கொஞ்சம் கழித்து மறுபடி டொப்...

மூடிய கதவைத் தலையணையால் அடிப்பது போல இருக்கும். கல்யாணமான புதிதில் என் கணவர் வேலு கப்பலிலிருந்து பேசும்போதெல்லாம், அவர் குரலுக்குப் பின்னால் அந்தச் சத்தம்தான். சாட்டிலைட் போன் வேறு. நான் சொல்வது அவருக்குப் போய்ச் சேர ஒரு மூச்சு நேரம் ஆகும். "சாப்டியா?" என்பார். பதில் சொல்வதற்குள் டொப்.

எங்களுக்குக் கள்ளிக்குப்பத்தில் ஒரு மாடி வீடு. அவர் பிறந்து வளர்ந்த ஏரியா அது. நான் விழுப்புரத்துப் பக்கம். பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளை கப்பலில் 'கன் மெக்கானிக்' என்று சொன்னார்கள். ராணுவத் தொழிற்சாலை இருக்கிற ஆவடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கன் என்றால் வேறு என்ன நினைப்பது? என் சித்தப்பா கல்யாணம் முடியும் வரை அவரைப் பட்டாளத்துக்காரர் என்றே எல்லோரிடமும் அறிமுகப்படுத்தினார்.

முதல் லீவில் வந்தபோது நானே கேட்டேன். "யாரைங்க சுடுறீங்க?"

விழுந்து விழுந்து சிரித்தார். "யாரையும் சுடல தேனு. அது ஏர் கன். காத்தை அமுக்கி உள்ள அடைச்சி வெச்சிகினு, தண்ணிக்குள்ள சடார்னு தொறந்து உடுவோம். அந்த அதிர்வு கடலுக்கு அடில கீற பாறைல பட்டுத் திரும்பி வரும். கப்பலுக்குப் பின்னாடி நீளமா ஒரு கேபிள் இழுத்துகினு போவோம்ல, அது கேட்டுக்கும். அத வெச்சி எங்க எண்ணெய் கீது, எங்க கேஸ் கீதுன்னு பார்ப்பாங்க."

எனக்குப் புரியவில்லை. பாத்ரூமுக்குக் கூட்டிப்போய், ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பக்கெட் தண்ணீருக்குள் அமுக்கி, லேசாகச் சாய்த்தார். பொளக்கென்று ஒரு குமிழி மேலே வந்தது. "இதான் என் வேலை. கொஞ்சம் பெருசா."

அதோடு விட்டேனா? ஒவ்வொரு லீவிலும் கேள்விதான். இந்த ஏர் கன் வருவதற்கு முன்னால் என்ன செய்தார்கள்? வெடி வைத்தார்களாம். மீனெல்லாம் செத்து மிதக்குமாம். கரையோரத்து ஆழமில்லாத இடங்களில் உப்புத் தண்ணீருக்குள் மின்சாரப் பொறி விடுகிற ஒரு கருவி, அதற்குப் பெயர் ஸ்பார்க்கர். உலோகத் தகடு ஒன்று படாரென்று தண்ணீரைத் தள்ளுகிற இன்னொன்று, பூமர்.

"எல்லா கன்னும் ஒரே சைஸா?"

"ஊஹும். ஒரே சைஸா வெச்சா, குமிழிங்க எல்லாம் ஒண்ணா சுருங்கி ஒண்ணா விரிஞ்சி ரெக்கார்டைக் கெடுத்துடும். பெருசும் சிறுசுமா கலந்து கட்டுனா மொத அடி மட்டும் ஒண்ணு சேரும். மிச்சம் அதுங்களுக்குள்ளயே அடிச்சிகினு அடங்கிடும்."

"உங்க வீடு மாதிரி" என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

அப்புறம் நான் மாசமானேன். அவர் ஆப்பிரிக்காப் பக்கம் எங்கேயோ கடலில். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோதே வலி வந்துவிட்டது. கீழ் வீட்டு மும்தாஜ் அக்கா, பூந்தமல்லிக்காரங்க, அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து என்னை ஆட்டோவில் ஏற்றினார்.

மகள் பிறந்தாள். நாள் நிறையாத குழந்தை. மூச்சு சரியில்லை என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். கம்பெனி ஆபீஸுக்குச் சொல்லி, அவர்கள் கப்பலுக்குச் சொல்லி... மறுநாள் மதியம் போன் வந்தது.

"தேனு..."

நான் வழக்கம்போல அந்த டொப்புக்காகக் காத்திருந்தேன். வரவே இல்லை.

"ஏங்க... சத்தமே காணோம்?"

"திமிங்கலம் வந்துகீது. கிட்ட வந்தா கன்னை நிறுத்திடணும், அதுக்குக் காது போயிடும்ல. அது தூரமா போனப்புறம் சின்ன கன்னுல ஆரம்பிச்சி மெதுவாத்தான் ஏத்துவோம். கேப்டனே போனைக் குடுத்துட்டாரு. நீ பேசு. புள்ள எப்டி கீது?"

சொன்னேன். கை எவ்வளவு சின்னது, மூக்கில் குழாய், டாக்டர் இன்னும் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை என்பது வரைக்கும். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. அழுகிறார். அத்தனை மாதத்தில் அவர் மூச்சுவிடுவதை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மும்தாஜ் அக்கா என் கையிலிருந்து போனை வாங்கினார். "தம்பி, நீ இன்னாத்துக்கு அழுவுற? நாங்கல்லாம் இங்க இல்ல? புள்ள உன்ன மாரியே முறைக்குது போ."

போன் திரும்பி என்னிடம் வந்தது. அவர் பேசினார், நான் பேசினேன், ரெண்டு பேரும் சும்மாவும் இருந்தோம். அந்தத் திமிங்கலம் அவசரப்படவே இல்லை.

குழந்தை தேறிவிட்டாள். கப்பலில் ஆள் மாற்றுகிற முறை வந்ததும் அவர் வந்து, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் தூக்கிக்கொண்டார்.

இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. "அப்பா, வெடிச்சாத்தான் கடலுக்கடில தெரியுமா? மெதுவாச் சொன்னா கேக்காதா?" என்கிறாள். தண்ணீருக்குள் தாழ்ந்த குரலில் நீளமாக முணுமுணுக்கிற வைப்ரேட்டர் வந்துகொண்டிருக்கிறதாம். அப்பாவும் மகளும் அதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர் கப்பல் வேலையை விட்டுக் கரைக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஆபீஸில் உட்கார்ந்து, யாரோ ஒரு கப்பல் அனுப்புகிற ரெக்கார்டைச் சரிபார்க்கிறார். நாங்களும் பூந்தமல்லியில் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

சாயங்காலம் போன் வரும். குரல் தெளிவாக, பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல.

"குமணன்சாவடி சிக்னல்ல நிக்கிறேன். இன்னா வாங்கியாரணும்?"

"தக்காளி."

அவ்வளவுதான்... பேச்சு முடிந்துவிடும். சில நாள் மட்டும், ஏனோ, ரெண்டு பேருமே உடனே வைப்பதில்லை.