நடை வேகத்தில் ஒரு ஜீப்

என் தம்பியின் ஜீப் முதன்முதலில் கொதித்தது சந்தாபுரா தாண்டி ஒரு வறண்ட ஏரிக்குள். பானெட் இடுக்கிலிருந்து ஆவி சீறிக்கொண்டு வந்தது. "ரேடியேட்டர் பழசுக்கா, வேற ஒண்ணும் இல்ல" என்றான். ரேடியேட்டரை மாற்றினான். மறுபடி கொதித்தது. தண்ணீர் பம்பை மாற்றினான். கொதித்தது. தெர்மோஸ்டாட் என்று ஏதோ ஒரு வால்வு, அதையும் மாற்றினான். அதற்குப் பிறகு மெக்கானிக் இவன் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு விஷயம் ஏன் நடக்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. காரணம் தெரியாமல் சாமான்களை மாற்றிக்கொண்டே போவதைப் பார்க்க எரிச்சலாக வந்தது.

"இது எப்ப இருந்துடா கொதிக்குது?" என்று கேட்டேன்.

"பெரிய டயர் போட்டதுல இருந்துதான். ஆனா அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்? டயர் கீழ ஓடுது, இன்ஜின் மேல ஓடுது."

அந்த டயர்கள் என் இடுப்பு உயரம். வேலையில் இருந்தபோது ஆசைப்பட்டு வாங்கிப் போட்டவை. இத்தனைக்கும் அந்த ஜீப்பில் இழுப்பது பின்சக்கரங்கள் மட்டும்தான்; சேற்றில் இறங்கினால் யாராவது கயிறு கட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும். மண்ரோட்டு வீரன் என்று நான் கேலி செய்வேன். அவன் கண்டுகொள்ள மாட்டான்.

ஆனாலும் அவற்றைக் கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சில மாதங்களுக்கு முன் அவனுக்கு வேலை போய்விட்டது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவில் பாதிக் குடும்பங்கள் தங்கவயலிலிருந்து வந்தவை. சுரங்கம் மூடி எல்லோரும் ரயிலேறி வந்த நாளிலிருந்து எங்கள் ஆட்களுக்கு "சாப்பிட்டியா" என்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, "வேல இருக்குதா?" அக்கறையோடுதான் கேட்பார்கள். அதற்குப் பயந்துதான் என் தம்பி தெருவில் நிற்பதை விட்டான். காலையில் என்னை வைட்ஃபீல்டில் அலுவலகத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் வரை எங்காவது சுற்றிவிட்டு வருவான். அந்த உயரமான ஜீப்பில் உட்கார்ந்தபடி மேலிருந்து கையை ஆட்டிவிட்டுப் போய்விடலாம். யாரும் நிறுத்தி எதுவும் கேட்க முடியாது. டயரைக் கழற்றினால் அவன் வீட்டை விட்டே இறங்காமல் போய்விடுவானோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் வைட்ஃபீல்ட் போகும் வழியில் போனில் மேப் ஓடிக்கொண்டிருந்தது. ஜீப் மீட்டர் நாற்பது என்றது. போன் நாற்பத்தேழு என்றது. போன்தான் பைத்தியம் பிடித்து உளறுகிறது என்று நினைத்தேன். மறுநாளும் அதே கதை. வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் மூடியையும் ஒரு சாப்பாட்டுத் தட்டையும் எடுத்துத் தரையில் ஒவ்வொன்றையும் ஒரு சுற்று உருட்டிப் பார்த்தேன். தட்டு எங்கேயோ போய்விட்டது, மூடி பக்கத்திலேயே நின்றது. ஆக, பெரிய சக்கரம் ஒரே சுற்றில் அதிக தூரம் போகிறது. மீட்டருக்கு அது தெரியாது, பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் அதே தூரத்துக்கு இன்ஜினும் குறைவாகத்தானே சுற்றும்? குறைவாக உழைத்தால் சூடு குறையத்தானே வேண்டும்? இங்கேதான் எனக்குக் குழம்பியது.

அந்தச் சமயத்தில் அம்மன் கோயில் கமிட்டிப் பெரியவர் வீட்டுக்கு வந்தார். வருஷா வருஷம் பூப்பல்லக்கை இழுக்கும் டிராக்டர் இந்தத் தடவை இல்லையாம். "உன் ஜீப்ல டிரைலர கோத்து இழுத்துடலாமா தம்பி?" என்றார். அடுத்த கேள்வி வருவதற்குள் ஆளை அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில் இவன் "சரி மாமா, சரி மாமா" என்று தலையாட்டிவிட்டான். அவர் போன பிறகு முகம் வெளுத்துவிட்டது.

"நடக்கிற வேகத்துல போவணும்க்கா. நடுரோட்டுல கொதிச்சு நின்னுச்சுன்னா, தெருவே என்ன சுத்தி நிக்கும்."

"டிராக்டருக்கு உன் டயர விட பெரிய டயர். அது ஒருநாளும் கொதிச்சதில்லையே, ஏன்?"

"அது கியரே வேறக்கா. அந்த டயருக்குன்னே செஞ்சது. வண்டி ஊரும், ஆனா இன்ஜின் மட்டும் ஃபுல்லா கத்திக்கினே..." என்றவன் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தான். பிறகு ஜீப்பைப் பார்த்தான்.

இருவருக்கும் ஒரே நேரத்தில் பிடிபட்டது. கியர் சைக்கிளில் கடினமான கியரிலேயே மேடு ஏறினால் பெடல் மெதுவாகத்தான் சுற்றும், ஆனால் தொடை கழன்றுவிடும். டயரைப் பெரிதாக்கிவிட்டு கியரை மாற்றாத இவன் ஜீப்பும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. மெதுவாகச் சுற்றுகிற இன்ஜின் முக்கி முனகிச் சூடாகிறது. அதைக் குளிர வைக்க வேண்டிய ஃபேனும் தண்ணீர் பம்பும் அதே இன்ஜினின் பெல்ட்டில்தான் தொங்குகின்றன, அவையும் மெதுவாகச் சுற்றுகின்றன.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் பின்னால் சோதித்தோம். டிரைலரில் தண்ணீர் டிரம்களை ஏற்றினோம். நான் பக்கத்தில் நடந்தேன், அவன் என் வேகத்துக்கு ஓட்டினான். கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி திணறினான். சூடு காட்டும் முள் கண்ணெதிரே ஏறியது. அவன் நேரே வீட்டுக்குப் போய் மொட்டை மாடியில் கிடந்த பழைய டயர்களை ஒவ்வொன்றாக இறக்கி மாட்டினான். ஜீப் ஒரேயடியாகக் குள்ளமாகிவிட்டது. மறுபடி நடந்தோம். முள் நடுவிலேயே நின்றது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. அவனுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

திருவிழா அன்று முதல் இரண்டு தெருக்கள் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது தெருவில் தம்பி என்னைக் கண்ணால் கூப்பிட்டான். முள் ஏறிக்கொண்டிருந்தது. கணக்கு தப்பிவிட்டதா? வண்டிக்கு முன்னால் ஓடிப் பார்த்தேன். ரேடியேட்டருக்குக் காற்று போகும் கம்பி வரிசையே கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கள் தெருக்களில் ஊர்வலம் வரும்போது வீட்டுக்கு ஒரு மாலையை வண்டி முகத்தில் கட்டுவது வழக்கம். சாமந்தியும் சம்பங்கியும் கனத்த மெத்தையாகக் காற்றை அடைத்துக்கொண்டிருந்தன. சூட்டில் உள்பக்கத்துப் பூ வாடி நாற்றமே வந்துவிட்டது. டயரைப் பற்றி அத்தனை யோசித்த நாங்கள் இதை யோசிக்கவேயில்லை.

நான் ஒரு மாலையில் கை வைத்ததுதான் தாமதம், கமிட்டிப் பெரியவர் பாய்ந்து வந்தார். "அம்மனுக்குப் போட்ட பூமா அது! கோயிலுக்குத் திரும்புற வரிக்கும் தொடக்கூடாது."

நான் கையை எடுத்துக்கொண்டேன். மேளம் நின்றுவிட்டது. கூட்டம் சுற்றி நெருக்கியது. அப்போது என் தம்பி ஜீப்பிலிருந்து இறங்கினான்.

"மாமா, பூ அம்மனுக்குத்தானே, வண்டிக்கு இல்லையே? அம்மன்கிட்டயே கட்டலாம். இங்க கட்டினா வண்டி மூச்சு முட்டி நிக்கும், அப்பறம் அம்மாவ நாமதான் தள்ளணும்."

அத்தனை பேர் நடுவில் அவன் குரலைக் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது! பெரியவர் பல்லக்கைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "சரி, நீயே எடுத்துக் கட்டு" என்றார். மாலைகளைப் பல்லக்குக்கு மாற்றினோம். கொஞ்ச நேரத்தில் முள் இறங்கியது. இனி வண்டியில் யாரும் கட்டக்கூடாது, டிரைவர் கையில் கொடுக்க வேண்டும், நான் வாங்கிப் பல்லக்கில் கட்ட வேண்டும் என்று பெரியவரே உத்தரவு போட்டார்.

அதன் பலனை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஜீப் நின்றது. கதவில்லாத ஜீப், குள்ள டயர். வருகிறவர் முகமும் தம்பி முகமும் நேருக்கு நேர். மாலையைக் கொடுத்த கையோடு எல்லோரும் அந்த முதல் கேள்வியைக் கேட்டார்கள். முதல் வீட்டில் "இருக்குது மாமா" என்றான். அடுத்த வீட்டிலும் அதையே சொன்னான், குரல் இறங்கிவிட்டது. மூன்றாவது வீட்டு அத்தை மாலையை அவன் கையில் வைத்துவிட்டு, பிடியை விடாமல் நின்றார்.

"வேல இருக்குதாடா கண்ணு? ஆளையே காணோமே."

"இல்லத்தே. போயிடுச்சு."

அத்தை மாலையிலிருந்து கையை எடுத்தார். "அதுக்கா எங்க மூஞ்சிலயே முழிக்காம இருந்த?" என்றார். அவன் கன்னத்தை ஒரு தட்டு தட்டினார். கொஞ்சம் பலமாகவே தட்டினார்.

அவன் மாலையை என்னிடம் நீட்டினான். என் கண் கலங்கியிருந்தது, முடிச்சு போட நேரமாகிவிட்டது. கட்டிவிட்டுத் திரும்பினால், ஜீப் அதற்குள் அடுத்த வாசலுக்கு நகர்ந்திருந்தது. அங்கே தட்டோடு நின்றவர் வாயைத் திறப்பதற்கு முன், என் தம்பி வெளியே சாய்ந்து சத்தமாகச் சொன்னான்.

"சித்தி, எனக்கு வேல இல்ல. மாலைய குடு."