மாமனார் வரையாத காற்று

ஒரு படம் கோணலாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சோடு எழுந்து, டாக்டர் தலைக்கு மேல் இருந்த பூச்சாடிப் படத்தை நேராக்கிவிட்டு வந்து உட்கார்ந்தவர். படங்களுக்குச் சட்டம் போடும் கடை அவருடையது. கடைத்தெருவில் எல்லோரும் அவரை ‘நேர்கோடு’ என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, நூலில் கட்டிய தூக்குக்குண்டு இருக்கும். மேஜையில் ரசமட்டம். அதன் குமிழி நடுவில் வந்து நின்றால்தான் அவர் மூச்சு விடுவார்.

மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். ஒரு வேன் நிறையப் பிள்ளைகளை ஒற்றை முறைப்பில் உட்கார வைக்கிறவளுக்கு, வீட்டில் இருக்கிற ஒரு ஆளை உட்கார வைக்க முடியவில்லை என்பதுதான் குறை. சாப்பிடும்போது தட்டை மேஜை விளிம்புக்கு நேராகத் திருப்பி வைப்பார். “அது வட்டத் தட்டுங்க” என்று அவள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு படம். அவளுடைய அப்பா வரைந்தது. அந்த மனிதர் படகு பழுதுபார்க்கும் பட்டறையில் வர்ணம் அடித்தவர். படகுக்கு அடித்தது போக டப்பாவில் மிஞ்சிய வர்ணத்தில், கிழிந்த பாய்த்துணி ஒன்றில் தீட்டியிருந்தார். மேலே வெளிறிய வானம், கீழே நீலக் கடல், நடுவே ஒரு பாய்மரப் படகு. அது பேய்க்காற்றில் சிக்கியதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். பாய் சுருட்டியிருக்கும். மர உச்சியில் ஒரு சின்னக் கொடி. படகுக்குள் சிவப்பாக ஒரு தீற்றல். கல்யாணமாகி வரும்போது அவள் அதை வெறும் துணியாகச் சுருட்டித்தான் கொண்டுவந்தாள். சட்டம் போட்டது நேர்கோடுதான்.

அந்தச் சிவப்புத் தீற்றல் யார் என்பதில்தான் வம்பு தொடங்கியது. அவளுடைய தம்பி புது வீடு கட்டி முடித்து, கூடத்துச் சுவரில் ஒரு ஆணியையும் அடித்துவிட்டு வந்து நின்றான். தரை ஓடு விற்கும் கடையில் வேலை. ஆனால் எல்லோருக்கும் அவன் ‘கேப்டன்’. அப்பா புயலில் படகு ஓட்டிய கதையைச் சொல்லிச் சொல்லியே வாங்கிய பட்டம்.

“அக்கா, அந்தப் படத்த எனக்குக் குடுத்துடு. அப்பா தனியாப் புயல்ல போன படம். ஊரே என்னக் கேக்குது.”

“தனியா எங்கடா போனாரு? அதுல செவப்பா இருக்கறது நான். என்னோட செவப்பு கவுன். அப்பா என்னக் கூட்டிட்டுப் போனாரு. தண்ணி தட்டு மாதிரி அசையாம கெடந்துச்சு. நான் கொய்யாப்பழம் தின்னேன்.”

“இந்தக் காத்துல கொய்யாப்பழமா? நல்லாப் பாரு, படகு படுத்துக் கெடக்கு. சின்னப் புள்ளைய யாராவது இதுல ஏத்துவாங்களா? அது லாந்தர். நீ கனவு கண்டிருப்ப.”

“பாயச் சுருட்டி வெச்சிருக்கே?”

“புயல்ல பாயச் சுருட்டாம, குடையாப் புடிப்பாங்க?”

“கொடி பறக்கலையே?”

“மழையில நனஞ்சு ஒட்டிக்கிச்சு.”

எதற்கும் அவனிடம் பதில் இருந்தது. அவளுக்கோ கையில் கொய்யாவைத் தவிர ஒன்றுமில்லை. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். சாட்சி சொல்ல ஆள் இல்லை. அன்று அவள் வழக்கத்துக்கு மாறாகக் குரலைத் தாழ்த்திப் பேசினாள். “அப்பா என்ன எங்கயாவது கூட்டிட்டுப் போன ஞாபகம் எனக்கு அது ஒண்ணுதான்டா. அதையும் கனவுன்னு சொல்லாத.”

கடைசியில் ஒப்பந்தம் ஆனது. படத்தில் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது. அது புயலடிக்கிற திறந்த கடலென்றால் படம் தம்பிக்கு. அசையாத தண்ணீர் என்றால் அக்காவுக்கு. நடுவர் நேர்கோடு. “யார் பக்கமும் சாய மாட்டாரு, சாஞ்சா அவருக்கே பொறுக்காது” என்றான் கேப்டன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளி வேன் கடற்கரைச் சாலையில் ஓடியது. பாய்மரப் படகுகள் நிற்கிற இடம் ஒவ்வொன்றிலும் இறங்கி, படத்தைத் தூக்கிப் பிடித்து, கடலைப் பார்ப்பதும் படத்தைப் பார்ப்பதுமாக நின்றார்கள். இரட்டைப் பாறை விரிகுடாவில் காற்று இருந்தது. ஆனால் படத்தில் பாறை இல்லை. “அப்பாவுக்குப் பாறை வரைய வராது” என்றான் கேப்டன். மணல்திட்டில் படகு இருந்தது, காற்று இல்லை. “இன்னிக்கு லீவு போல” என்றான். அங்கே மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் இவர்களையே வெகுநேரம் பார்த்துவிட்டு, “அந்தப் படம் என்ன வெல?” என்று கேட்டாள்.

மூன்றாவதாகக் கலங்கரை விளக்கு முனைக்குப் போனார்கள். அங்கே அடித்த காற்றில் வேன் கதவைத் திறக்கவே தோள் கொடுக்க வேண்டியிருந்தது. கேப்டன் முகத்தில் வெற்றி. “பாத்தியாக்கா! இதான் அந்தக் காத்து. அத்தான், தீர்ப்பச் சொல்லுங்க.”

“மொதல்ல உள்ள ஏறு மாப்ளே, படம் பறந்துடப் போகுது.”

மூவரும் வேனுக்குள் உட்கார்ந்தார்கள். படத்தை எதிர் இருக்கையில் சாய்த்து வைத்ததில் ஒரு முனை பிள்ளைகளின் பைகளை வைக்கும் பலகையில் ஏறி, அது கோணலாக நின்றது. நேர்கோட்டின் கை தானாக நீண்டது.

மனைவி ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி திரும்பினாள். தோற்கப்போகிறவளின் எரிச்சல். “விடுங்க. உலகத்துல ஒண்ணாவது கொஞ்ச நேரம் கோணலா இருக்கட்டும்.”

கை பின்வாங்கியது. நமைச்சலெடுத்த கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அவர் படத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் பார்த்தார். கோணலாக நின்ற ஒரு படத்தை அவர் அவ்வளவு நேரம் பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

படகு நிமிர்ந்து நின்றது.

அவர் கண்ணைக் கசக்கினார். சட்டம் கோணல், கடல் கோணல். ஆனால் படகின் மரம் ஊசிபோல நேராக நின்றது. உச்சியில் கொடி செங்குத்தாகக் கீழே தொங்கியது. நனைந்த கொடி மரத்தோடு ஒட்டலாம். ஆனால் இது ஒட்டவில்லை, மரத்துக்கு ஒரு விரல் தள்ளித் தொங்கியது. அவர் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்துப் படத்துக்கு முன்னால் பிடித்தார். நூலும் கொடியும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றன.

“என்னங்க பண்றீங்க?”

அவருக்குக் கல்யாணமான புதிதில், விளிம்பெல்லாம் தாறுமாறாகக் கிழிந்திருந்த அந்தப் பாய்த்துணியை மேஜையில் விரித்ததும், வானமும் நீலமும் சேரும் கோடு சரிந்திருந்ததும், மாமனாருக்குக் கை கோணல் போல என்று நினைத்ததும் ஞாபகம் வந்தது. கடலின் விளிம்பு சாய்வது அவருக்கு ஆகுமா? ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் வரும்வரை துணியைத் திருப்பி, மிச்சத்தைப் பின்பக்கம் மடித்து ஆணி அடித்துவிட்டார். புது மாப்பிள்ளை, வேலையைக் காட்டியிருந்தார்.

“மாப்ளே,” என்றார் மெதுவாக. “அந்தப் புயலு இருக்கே… அத அடிச்சது நான்.”

துணியைத் திருப்பி ஆணி அடித்த கதையைச் சொன்னார். பிறகு மனைவி சிரிக்கத் தொடங்கினாள். “கல்யாணமான நாளா என்னக் கடல்ல கவுத்துப் போட்டுட்டு, கீழேயே உக்காந்து சோறு தின்னிருக்கீங்க!”

கேப்டன் சிரிக்கவில்லை. “அப்ப கடல் ஏன் சரியுது? கடல் சரியுமா அத்தான்?”

“கடல் சரியாது. அதனாலதான் அது கடல் இல்ல.”

அவள் சிரிப்பை நிறுத்தி, படத்தை மடியில் எடுத்து, அந்தக் கோணத்திலேயே பிடித்துப் பார்த்தாள். வலப்பக்கம் இறங்கும் நீலக் கோடு. அப்பாவின் டப்பாவில் ஒரே நீலம்தான் இருந்தது. ஈரக் கல்லுக்கும் அதுவே, தண்ணீருக்கும் அதுவே. “சரிவுடா,” என்றாள். “படகைத் தண்ணியிலேருந்து மேல இழுப்பாங்களே, பட்டறைச் சரிவு. அதோட பக்கச் சுவரு!”

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார்கள். பட்டறை அவர்கள் ஊரில், அவள் தினமும் வேன் திருப்பும் சந்துக்குப் பின்னால் இருந்தது. சரிவின் மேல் இப்போது தகரக் கூரை போட்டிருந்தார்கள். வழிநெடுகப் படத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டே வந்த கேப்டன், இறங்கியதும் சுவரைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். இரண்டும் ஒரே சாய்வு. படகுக்குப் பின்னால் இருந்த கறுப்புப் புள்ளியைப் பறவை என்று இத்தனை காலம் சொல்லிவந்தார்கள். அந்த இடத்தில் சுவரில் ஒரு இரும்பு வளையம் இருந்தது, படகு கட்டுவதற்கு.

எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்த மெக்கானிக், யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டு எழுந்து வந்தார். “பெயின்டர் அண்ணன் புள்ளைங்களா! நல்ல மனுசன். படகுக்கு வர்ணம் அடிப்பாரு, ஆனா அந்த வளையத்துலேருந்து கயித்த அவுக்க விடமாட்டாரு. ஆடுற தண்ணியக் கண்டா தல சுத்தும். ஒரு நாளு செவப்புக் கவுன்ல ஒரு குட்டிப் பாப்பாவ உக்கார வெச்சு, படகு ஆடிடும்னு மத்தியானம் பூரா எங்க யாரையும் கிட்டயே விடல.”

அவள் தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கேப்டன் வளையத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அது அசையவில்லை. “அப்ப புயலு? அலை? எல்லாம் சும்மாவா? எங்கிட்ட ஏன்க்கா சொன்னாரு?”

“நீ தெனமும் கதை கேட்ட, சொன்னாரு. நான் படகு கேட்டேன், ஏத்துனாரு.”

அவன் வளையத்திலிருந்து கையை எடுத்தான். “நல்லாத்தான் சொல்லுவாரு” என்றான்.

மறுநாள் நேர்கோடு ஆணிகளைப் பிடுங்கி, மடித்த துணியை விரித்து, தூக்குக்குண்டு நூலுக்குக் கொடியைப் பொருத்தி மறுபடி சட்டம் போட்டார். இப்போது படகு நிமிர்ந்து நிற்கிறது, சிவப்புக் கவுன் உட்கார்ந்திருக்கிறது. நீலக் கோடுதான் சரிகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் “படம் கோணலா இருக்கே” என்று கையை நீட்டுகிறார்கள். “அது அப்படித்தான், தொடாதீங்க” என்கிறாள் அவள். நேர்கோடு அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிட உட்காருகிறார்.

கேப்டன் வந்தால் மட்டும் படத்துக்கு எதிரே போய் நிற்பான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, தலையை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ப்பான். உடனே காற்று அடிக்கத் தொடங்கும்.