இரண்டு ஆயர்களுக்கு ஒரு அரைநாள் மேனேஜர்

பிரசங்கம் பண்ண ஆள் கிடைக்கும், பாட ஆள் கிடைக்கும், பாடுகிறவரைக் குறை சொல்ல நிறையவே கிடைக்கும். ஆனால் மைக் செட்காரரிடம் பேசவும், கமிட்டியைக் கூட்டவும், கூட்டிய கமிட்டியைச் சேதமில்லாமல் வீட்டுக்கு அனுப்பவும் எந்தச் சபையிலும் ஆள் கிடைக்காது.

அந்த வேலைக்குத்தான் 2004-ல் நான் போய்ச் சேர்ந்தேன். கம்பெனி ஒன்றில் மேலாளராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிய நேரம். வாரத்தில் பாதி கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சபை, மீதி சிதம்பரத்தில் ஒரு சபை. ஆயர்களின் நிர்வாகச் சுமையைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள். சபைக் கமிட்டியில் ஒரு தடவையாவது உட்கார்ந்து எழுந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள்.

பெயர் சூட்டு விழா

கடலூரில் முதல் கூட்டம். என்னை எப்படி அழைப்பது என்று பேச்சு வந்தது. ‘ஆலோசகர்’ என்றார் ஒருவர். ஆலோசகர் என்றால் ஆலோசனை சொல்வாரே, கேட்க வேண்டி வருமே என்று பொருளாளருக்குப் பயம். ‘மேலாளர்’ என்றார் இன்னொருவர். யாருக்கு மேல், ஆயருக்கா என்று பின்வரிசையில் கேள்வி எழுந்தது. ‘உதவியாளர்’ என்றால் என் வயதுக்கு மரியாதை இல்லையாம்.

இரண்டு முறை டீ வந்து போனது. செயலாளர், ரெவின்யூவில் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், கடைசியில் மேஜையைத் தட்டினார். "பேரு எதுக்குங்க? அவுருக்குத்தான் ஞானஸ்நானத்துல ஒண்ணு வச்சிருக்காங்களே, அதையே சொல்லிக் கூப்புடுவோம்!"

‘முடியாது’ என்ற சொல்

கடலூர் ஆயர் தங்கமான மனுஷன். ‘முடியாது’ என்று மட்டும் சொல்லத் தெரியாது. ஒரே காலையில் மஞ்சக்குப்பத்தில் புதுமனை ஜெபம், திருப்பாதிரிப்புலியூரில் நோயாளிக்கு ஜெபம், பண்ருட்டியில் ஒரு நிச்சயதார்த்தம் என்று மூன்றுக்கும் சரி சொல்லிவிட்டார். பண்ருட்டிக்காரர்கள் மத்தியானம் வரை மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போகிற நிலைமை. நான்தான் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு உட்கார வைத்தேன்.

மறுநாளே சட்டம் போட்டேன்: ஆயரை அழைப்பதென்றால் முதலில் என்னிடம் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், எஸ்தரம்மாவைத் தவிர. பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். டாக்டர்களையே அதட்டிய குரல். போனில் அவரிடம், "என்ன விஷயமா ஐயாவைப் பாக்கணும்மா?" என்று பணிவாகத்தான் கேட்டேன்.

"ஏன்யா, நான் ஆண்டவர்கிட்டயே நேரா பேசிக்கினு இருக்கேன். ஐயாகிட்ட பேச உன்னக் கேக்கணுமா?"

ஆர்மோனியமும் கீபோர்டும்

சிதம்பரம் ஆயர் சின்ன வயசு, வந்து சில மாதம்தான். அதற்குள் தூக்கம் போய்விட்டது. பெரியவர்களின் பாட்டுக் குழுவுக்குத் தமிழாசிரியர் ஒருவர் தலைவர், அவருக்கு ஆர்மோனியம். காலேஜ் பிள்ளைகளுக்குக் கீபோர்டு. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பாதிச் சபை அடுத்த தெருவில் புதிதாக ஆரம்பித்த கூட்டத்துக்குப் போய்விடும் என்று இரண்டு தரப்பும் சொல்லியாகிவிட்டது. வெறும் மிரட்டல் இல்லை. சாமான் எடுத்துப் போக வண்டிகூடப் பேசியிருந்தார்கள்.

ஒரு வாரம் ஆர்மோனியம், ஒரு வாரம் கீபோர்டு என்று ஏற்பாடு செய்தேன். அவரவர் வாரத்தில் அவரவர் வருவார்கள், பாதிப் பெஞ்சு காலியாகக் கிடக்கும் என்றுதான் நினைத்தேன். நடந்ததே வேறு. ஆர்மோனிய வாரத்தில் பிள்ளைகள் அத்தனை பேரும் முன்வரிசையில், எங்கே சுருதி தப்பும் என்று காதைத் தீட்டிக்கொண்டு. கீபோர்டு வாரத்தில் பெரியவர்கள், முகத்தைச் சுளிப்பதற்காகவே முன்கூட்டியே வந்து. நாற்காலி வாடகைக்கு எடுக்கும்படி ஆனது.

ஆனால் குற்றம் கண்டுபிடிக்க இவ்வளவு கூர்ந்து கேட்டால் பாட்டுப் பிடித்துப்போகும் அபாயம் இருக்கிறது. ஒருநாள் தமிழாசிரியரே கீபோர்டுப் பையனின் பக்கத்தில் நின்று தாளம் போட்டார். அடுத்த மாதம் ஒரே குழு. நான் பெருமையோடு ஆயரிடம் போனேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், சமாதானம் ஆனதுலேர்ந்து கூட்டம் கொறஞ்சிடுச்சு. சின்னதா ஒரு சண்டைக்கு ஏதாவது வழி இருக்கா?"

தார்ப்பாய்க் கல்யாணம்

2011 கடைசியில் அடித்த தானே புயலில் கடலூர் சபைக் கோயிலின் கூரை ஷீட்டெல்லாம் பறந்துவிட்டது. ஊரில் கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. அடுத்த வாரம் ரூபிக்குக் கல்யாணம். ரூபி எங்கள் சபைப் பெண், டீச்சர். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை, லீவு முடியப் போகிறது. கமிட்டி கூடி, தள்ளிப்போடலாம் என்றது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ரூபி உள்ளே வந்தாள். "மேல வானம் இருந்தா போதும் சார். தள்ளி மட்டும் போடாதீங்க" என்றாள்.

கூரைக்குப் பதிலாகக் கட்டத் தார்ப்பாய் தேடிப் பண்ருட்டிக்குப் போனேன். அங்கே பலா வியாபாரி ஏழுமலை, என்னோடு பள்ளியில் படித்தவன். வழியெல்லாம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அவன் தோப்பில் நின்ற மரம் ஒன்றுகூட இல்லை. விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி அவனோடு நடந்தேன். அவனாகவே, "என்னடா வந்த?" என்று கேட்டான். சொன்னேன்.

"ஏத்தறதுக்குப் பழமே இல்ல மச்சான். லாரி சும்மாதான் நிக்குது. தார்பாயை அவுத்துக்கினு போ" என்றான். சொன்னவன் நிற்காமல், தானும் கூட வந்து, சுவர் மேல் ஏறிக் கயிறு கட்டினான்.

கோயில் முழுக்கப் பழைய பலாப்பழ வாசனை. ரூபி பீடத்துக்கு வரும்போது எஸ்தரம்மாவே அழுதார். எங்கள் ஆயருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. பிரசங்கம் நோவாவிடம் தொடங்கி பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசி வரிசையில் தார்ப்பாயின் கயிற்று முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்த ஏழுமலை என் காதருகே குனிந்தான். தோப்பு விழுந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

"மச்சான், புயலே இதவிட சீக்கிரம் முடிஞ்சிருச்சுடா!"

வழியனுப்பு விழா

2012-ல் முழங்கால் வலி, பஸ் படி ஏற முடியவில்லை. போதும் என்று சொல்லிவிட்டேன். கடலூர் சபையார் வழியனுப்பு விழா வைக்க ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். ஏற்பாட்டை யார் செய்வது என்றபோதும் ஏகமனதாகவே என்னைப் பார்த்தார்கள். எனக்குப் போர்த்த வேண்டிய சால்வையை நானே கடையில் தேர்ந்தெடுத்தேன். பிரியாணிக்கு நானே சொன்னேன்.

விழா அன்று பந்தலில் ஓடிக்கொண்டிருந்த என்னை ஆயர் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது. "சார், இன்னைக்கு ஒரு நாளாவது நீங்க எந்த வேலையும் பாக்காம மேடையில உக்காரணும். அந்த மைக் செட்காரன் இன்னும் வரல, அது மட்டும் என்னான்னு பாத்துட்டு வந்து உக்காந்துடுங்க."

பகுதி நேர வேலை என்பது முழு நேரமும் பார்க்கிற வேலைக்கு வீட்டில் சொல்லிக்கொள்ளும் பெயர்தான். ஆனாலும் யாராவது மறுபடி கூப்பிட்டால் போவதாகத்தான் இருக்கிறேன், என் மனைவியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.