ஹாஃபிஸா போட்ட மார்க்கு

திண்டுக்கல் பழனி ரோட்டில் வீல் அலைன்மெண்ட் கடை வைத்திருக்கும் நூர் அகமதுவிடம் போய், “வண்டி சூப்பரா ஓடுது பாய்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மனிதர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். “சூப்பருங்கிறத வச்சு நான் என்னத்தப் பண்றது? எங்க இழுக்குது, பிரேக் அடிக்கையிலயா, திருப்பையிலயா, அதச் சொல்லு அப்பு” என்பார். பாராட்டினால்கூடக் கடுப்படிக்கிறாரே என்று வருகிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

அந்தக் குணம் சும்மா வந்ததில்லை. கோயம்புத்தூரில் ஒரு ரேஸ் கம்பெனியில் ஆறு வருஷம் சஸ்பென்ஷன் வேலை பார்த்தவர் அவர். பந்தயக் காரின் ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும், ஷாக் அப்சார்பரை எத்தனை க்ளிக் இறுக்க வேண்டும், டயரில் எவ்வளவு காற்று என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அமைக்கிற வேலை. படித்துக் கற்றதைவிடக் கெடுத்துக் கற்றதுதான் அதிகம். முதல் வருஷம் விக்னேஷ்குமார் என்ற ஓட்டுநர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, “நல்லாருக்கு பாய்” என்றார். மரியாதைக்குச் சொன்னது. வளைவில் வண்டியின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டிருந்தது. அடுத்த சுற்றில் வண்டி சுழன்று சுவரில் மோதி, விக்னேஷ்குமாருக்குத் தோள் எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து நூர் அகமது ஒரு நோட்டு வைத்துக்கொண்டார். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், அதற்கு ஓட்டுகிறவர் சொன்ன பதில், இரண்டும் அதில் ஏறிவிடும். மரியாதைப் பேச்சை மட்டும் எழுதமாட்டார்.

கம்பெனியை மூடியபோது, திருகி இறுக்கவும் தளர்த்தவும் முடிகிற பழைய ஷாக் அப்சார்பர் இரண்டைக் கொடுத்து அனுப்பினார்கள். அவற்றைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

“தங்கத்தக் கொண்டாருவாகன்னு பாத்தா, இரும்பத் தூக்கிட்டு வந்துருக்காக” என்று மனைவி ஹாஃபிஸா சிரித்தாள்.

ஹாஃபிஸா எதற்கும் குறை சொல்லாதவள். உப்பு கூடினாலும் நல்லாருக்கு, பெருநாளுக்குப் புதுச்சேலை இல்லாவிட்டாலும் நல்லாருக்கு. இருபத்திரண்டு வருஷம் அப்படியே ஓடியது. பிள்ளைகள் இல்லை. அதற்கும் அவள் யாரையும் நொந்துகொண்டதில்லை.

போன மழைக்காலத்தில், மார்பில் வந்த புற்றுநோய் அவள் முதுகெலும்புக்கு இறங்கிவிட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும், தினமும் வந்து போங்கள் என்றார்கள். கால் மரத்தால் உடனே சொல்ல வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். முதல் நாள் வாடகைக் காரில் போனார்கள். பேகம்பூர் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை பதினொரு வேகத்தடை. ஒவ்வொன்றிலும் ஹாஃபிஸா முந்தானையைப் பல்லில் கடித்தாள்.

“வலிக்குதா?”

“இல்ல மச்சான். நல்லாத்தான் இருக்கு.”

அன்று சாயங்காலமே தன் பழைய ஆம்னி வேனைத் தூக்கி நிறுத்தினார். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்றைக் கழற்றினார். ரேஸ் கார் ஷாக் அப்சார்பர்களுக்கு இடம் பண்ணி மாட்டினார். வண்டியில் ஆட்டம் குறைவாக இருப்பது நடுப்பகுதிதான் என்பதால், அங்கே மெத்தை போட்டார். மறுநாள், முதல் வேகத்தடையைத் தாண்டியதும் அவள் சொன்னாள், “நல்லாருக்கு மச்சான்.”

வண்டியை ஓரங்கட்டினார்.

“ஹாஃபிஸா, நீ பொண்டாட்டியா இருந்தது போதும். செத்த நேரம் எனக்கு டிரைவரா இரு. வலிக்குப் பத்துக்கு எம்புட்டுன்னு மார்க்குப் போடு. பொய் சொன்னா என்னால இத ஒண்ணும் பண்ண முடியாது.”

அவள் பல்லில் கடித்திருந்த முந்தானையை எடுத்தாள். பிறகு, “ஒம்பது” என்றாள்.

ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார் நூர் அகமது. அவள் அவரிடம் சொன்ன முதல் குறை அது.

அப்புறம் பாருங்கள், ஹாஃபிஸாவுக்கு வாய் திறந்துகொண்டது. “ஏறையில ஒண்ணுமில்ல மச்சான். எறங்குன பெறகு ரெண்டு தடவ குதிக்குதுல்ல, அதான் உசுர எடுக்குது.” விக்னேஷ்குமாருக்குக்கூட இவ்வளவு சுத்தமாகச் சொல்ல வராது. இரண்டு க்ளிக் இறுக்கினார். எட்டு ஆனது. டயரில் காற்றைக் குறைத்தார். ஏழு, ஆறு. வேகத்தடைகளுக்கெல்லாம் நம்பர் போட்டுக்கொண்டார்கள். “எட்டாம் நம்பரு வருது, சூதானம்” என்று படுத்தபடியே எச்சரிப்பாள். அந்த வேனுக்குள் அவர்கள் பேசிய அளவுக்குக் கல்யாணமான புதிதில்கூடப் பேசியதில்லை.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை ஐந்து. வெள்ளிக்கிழமை இரண்டு. இடையில் அவர் மாற்றியது ஒரே ஒரு க்ளிக். ஒரு க்ளிக்குக்கு மூன்று மார்க்கு குறையுமா? ரேஸ் மைதானமாக இருந்தால் எங்கேயோ தப்பு என்று வண்டியையே பிரித்துப் போட்டிருப்பார். இங்கே சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி இல்லை. ரெட்டியார்சத்திரத்தில் இருக்கும் அவள் தங்கை கமர்ஜஹான் வீட்டுக்கு அழைத்துப் போனார். குண்டும் குழியுமான ரோடு. வழியெல்லாம் பூஜ்யம். “பாத்தியா, உங்க அக்காவுக்கு வலியே இல்ல” என்று கொழுந்தியாளிடம் வேனைத் தட்டிக் காட்டினார்.

“காலு மரத்தாப்ல இருக்கு” என்றாள் ஹாஃபிஸா.

“படுத்தே கெடந்தா அப்படித்தான் இருக்கும்” என்றார் அவர்.

திங்கட்கிழமை டாக்டர் அவள் உள்ளங்காலில் சாவியால் கோடு இழுத்தார். அவளுக்குத் தெரியவில்லை. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். நூர் அகமது நோட்டை நீட்டினார். ஐந்து, இரண்டு, பூஜ்யம். டாக்டர் அந்த மூன்று எண்களின் மேல் விரலை ஓட்டினார்.

“தண்டுவடம் நசுங்கிருச்சு பாய். வலி தெரியாமப் போனது அதனாலதான்.”

அவரே கைப்பட எழுதி வைத்த கணக்கை அவருக்கே படிக்கத் தெரியவில்லை. அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஆஸ்பத்திரி வராந்தாவில் நெற்றியில் அறைந்துகொண்டு நின்றார்.

பத்து நாள் வைத்திருந்து பார்த்தார்கள். காலில் உணர்ச்சி திரும்பவில்லை. நோய் ஈரலுக்கும் போய்விட்டது, இனி வர வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

திரும்பும் வழியில் முதல் வேகத்தடையில் வண்டியை ஊர்ந்து ஏற்றினார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் அவளிடம் மார்க்குக் கேட்கவில்லை. நோட்டு டேஷ்போர்டுக்குள் மூடிக் கிடந்தது. இரண்டாவதும் தாண்டியது.

“என்ன மச்சான், நோட்ட எடுக்கலையா?”

அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

“நாலு” என்றாள் ஹாஃபிஸா. “எறங்கையில லேசா குத்துது. பின்னாடி ஒரு க்ளிக்கு எளக்கி விடுங்க.”

பொய் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். வண்டியை ஓரங்கட்டி, நோட்டை எடுத்து, நாலு என்று எழுதினார். பேகம்பூர் வரும்வரை மிச்சம் ஒன்பதுக்கும் அவள் மார்க்குப் போட்டாள். ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலையில், இனி எங்கேயும் போகப்போகாத அந்த வேனுக்கு அடியில் படுத்து, அவள் சொன்னபடி ஒரு க்ளிக் தளர்த்தினார்.