கிளாத்தியைப் பிடித்தவள்

"ஆன்ட்டி, அம்மா நஹீ ரஹீ" என்றாள் பத்மாவின் மகள் தொலைபேசியில். தமிழில் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும், "அம்மா போய்ட்டாங்க ஆன்ட்டி" என்று இன்னொரு முறை சொன்னாள். இரண்டு மொழியில் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. முந்தின வாரம்தான் என்னோடு அரை மணி நேரம் வாயாடியவள். டில்லி லோதி காலனியில் அவள் வீட்டு மாடிப்படி ஏறியவர்கள், அலுவலகத்தில் அவளோடு வேலை பார்த்தவர்கள், எல்லாருக்காகவும் இதை எழுதுகிறேன். 'அவர்' என்று மரியாதையாக எழுதிப் பார்த்தேன். வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல் இருந்தது. அவள் என்றே எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே செக்‌ஷன். குடியிருப்பில் அவள் மேல்மாடி, நான் கீழே. ஒருநாள் அலுவலகத்தில் ஒரு கோப்பைக் காணவில்லை. மேலதிகாரி கத்தக் கத்த நாங்கள் அலமாரி அலமாரியாக ஓடினோம். பத்மா மட்டும், கையெழுத்துக்குப் போகும் கோப்புகளெல்லாம் வந்து சேரும் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "விரட்டுனா ஒண்ணும் கிடைக்காது. அது வந்துதான் ஆகணும்ங்கிற இடத்துல போய் இருக்கணும்" என்றாள். மதியச் சாப்பாட்டுக்கு முன் கோப்பு அவள் கைக்கு வந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவள் கணவர் இறந்துபோனார். தூத்துக்குடியிலிருந்து அவள் அண்ணன் வந்து, மெட்ராசுக்கு மாற்றல் கேட்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார். "ஒத்தைப் பொம்பளை இந்த ஊர்ல எப்படி இருப்ப?" என்றார். பத்மா சொன்ன பதில் குடியிருப்பு முழுக்கப் பரவியது. "கடல் மீனையே இந்த ஊர்ல வளத்துக் காட்டுதேன். அது இருந்துச்சுன்னா நானும் இருப்பேன். செத்துட்டா நீ சொல்லுத ஊருக்கு வாரேன்."

அண்ணன் சிரித்தார். ஆனால் பாசக்காரர். அடுத்த முறை வரும்போது மீன்களும் பவளப்பாறைத் துண்டுகளும் அவரே கொண்டுவந்தார். அதற்குப் பிறகு ஊருக்குப் போய்த் திரும்பிய ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் ஒரு கேன் கடல் தண்ணீரோடுதான் புதுடில்லி ஸ்டேஷனில் இறங்கியது. ராமேஸ்வரத் தீர்த்தம் என்று நினைத்து ஒரு மாமி அதைத் தலையில் தெளித்துக்கொண்டாள். "இவ்வளவு உப்புத் தண்ணிக்கு நாலு மாங்காயாவது போட்டிருக்கலாம்" என்று நானும் கேலி செய்தேன்.

தொட்டியில் போட்ட பாறையின் பொந்து ஒன்றில் யாரும் அழைக்காத ஒரு கிளாத்தி மீன் குஞ்சு ஒளிந்து வந்திருந்தது. வளர வளர அது மற்ற மீன்களைக் கடித்தது. ஒவ்வொன்றாக மாண்டு, ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் ஜோடி மட்டும் மிஞ்சியது. அதிலும் ஒன்றுக்குப் பாதி வால்தான். வலையைக் கண்டால் கிளாத்தி பொந்துக்குள் போய் முதுகு முள்ளை நிமிர்த்திக் கொள்ளும். தாழ்ப்பாள் போட்ட மாதிரி, அப்புறம் அசையாது. ஊறுகாய் பாட்டிலுக்குள் இறால் வைத்துப் பார்த்தாள். கோமாளி மீன் போய் மாட்டிக்கொண்டது, கிளாத்தி வெளியே நின்று வேடிக்கை பார்த்தது. தூண்டில் போடலாமே என்றேன். "வாய் கிழிஞ்சிரும்" என்றாள். பாறைகளை வெளியே எடுத்தால் அடியிலுள்ள அழுக்கு கலங்கி மிஞ்சிய ஜோடியும் செத்துவிடும். அண்ணன் கோடையில் வருவதாகச் சொல்லியிருந்தார்.

அந்த ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் மின்சாரம் போயிற்று. போனது வரவில்லை. தொட்டிக்குக் காற்று விடும் மோட்டார் நின்றது. கோமாளி மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பத்மா தொட்டியின் ஒரு மூலையோரம் நின்றுகொண்டு, தூக்குவாளியில் தண்ணீரை மொண்டு, காபி ஆற்றுவதுபோல் உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றத் தொடங்கினாள். "ஏட்டி ராஜி, ஜல்தி வா!" என்ற கூச்சல் என் வீடு வரை கேட்டது. மாறி மாறி ஆற்றினோம். எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாளும் துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். முதலில் அவள் ஊற்றியதில் பாதித் தண்ணீர் தரைக்குப் போயிற்று. லஸ்ஸி என்று நினைத்துக்கொள் என்றோம், கை படிந்துவிட்டது.

வெகுநேரம் கழித்துக் கிளாத்தி பொந்தை விட்டு வெளியே வந்தது. அதற்கும் மூச்சு முட்டியிருக்கும். நாங்கள் ஊற்றிய மூலையில்தான் காற்று இருந்தது, அங்கேதான் அது வந்தாக வேண்டும். நான் பதறிக் கையை நிறுத்தினேன். "நிறுத்தாத. ஆத்து, ஆத்து" என்றாள் பத்மா, குரலைத் தாழ்த்தி. நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அடுத்து அவள் மொண்ட தூக்குவாளியில் தண்ணீரோடு கிளாத்தியும் இருந்தது.

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பஞ்சாபி அம்மாள் சாக்கடைப் பக்கம் கையைக் காட்டினாள். பத்மா ஒரு பக்கெட்டில் கடல் தண்ணீர் ஊற்றி, கிளாத்தியை அதில் விட்டு, என் பக்கம் நகர்த்தினாள்.

"ராஜி, நீ இத ஆத்து."

"இதையா? எல்லாத்தையும் கடிச்சுக் கொன்ன சனியனையா?"

"அதுவா டிக்கெட் எடுத்துட்டு டில்லிக்கு வந்துச்சு? கல்லுக்குள்ள சிவனேன்னு கிடந்தத நாமல்லா தூக்கிட்டு வந்தோம். ஆத்துட்டி."

திட்டிக்கொண்டே ஆற்றினேன். மின்சாரம் வந்தபோது ஜோடியும் பிழைத்திருந்தது, கிளாத்தியும் பிழைத்திருந்தது. கிளாத்திக்குத் தனித் தொட்டி வைத்தாள். அண்ணன் வந்து இரண்டு தொட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். மாற்றல் பேச்சை எடுக்கவே இல்லை. "அடுத்த தடவை என்ன கல்லு வேணும்?" என்று மட்டும் கேட்டார். பத்மா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாளே, அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையில் நெஞ்சு நிறைகிறது. ஓய்வு பெற்ற பிறகும் அவள் டில்லியை விட்டுப் போகவில்லை.

இப்போது நான் இருப்பது மயூர் விஹாரில். எங்கள் வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பெண்கள் பின்பக்கக் குடிசைகளில் இருக்கிறார்கள், பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள். கேட்டுக்கு அருகே அவர்கள் தண்ணீர் பிடிக்கும் குழாயைப் பூட்டிவிட வேண்டும் என்று போன மாதக் குடியிருப்போர் கூட்டத்தில் பேசினார்கள். நான் கூட்டத்தில் வாய் திறக்கிறவள் இல்லை. அன்று எழுந்து, பத்மாவின் கேள்வியை எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். அவர்களாகவா வந்தார்கள், வேலைக்கு வேண்டும் என்று நாம்தானே கூப்பிட்டுக்கொண்டோம் என்றேன். பூட்டுப் பேச்சு அதோடு நின்றது.

போன வாரம் இதைச் சொன்னபோது பத்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லா ஆத்திருக்கட்டி" என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது. அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றைத்தான். இன்று காலையும் எட்டிப் பார்த்தேன். குழாயில் தண்ணீர் வருகிறது.