மார்க்குஸுக்காகப் பெஹாலாவில் ஏறெடுத்த ஜெபம்

நாள் முழுக்க ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் படுக்கப் போயிருக்கிறீர்களா? நான் போயிருக்கிறேன். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. கல்யாணமாகி 1996-இல் கல்கத்தாவுக்கு வந்ததிலிருந்து அதுதான் என் பிழைப்பு.

என் கணவர் ஆற்றில் மண் தூர்வாரும் கப்பலில் இன்ஜினியர். திங்கள்கிழமை விடியும் முன்பே ஹால்தியா துறைமுகத்துக்குக் கிளம்பினால் சனிக்கிழமைதான் வீடு. வந்தாலும் அசதியில் தூங்குவார். நல்ல மனுஷர், ஆனால் வாயைத் திறக்க மாட்டார். கல்கத்தாவின் பெஹாலா பகுதியில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. எதிர்வீட்டு அம்மா என்னைப் படியில் பார்த்தால் "பௌதி, பாலோ?" என்பார். அண்ணி, சௌக்கியமா என்று கேட்கிறார். நானும் "பாலோ" என்பேன். என் வங்காளம் அத்தோடு தீர்ந்துவிடும். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொள்வேன்.

இரண்டு முறை கரு தங்கிக் கலைந்தது. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. தலை வாரவில்லை. பால்கனியில் நின்று கீழே பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு கட்டத்தில் என்னை நினைத்து எனக்கே பயம் வந்துவிட்டது. இதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை. இதே நிலையில் இருக்கும் யாராவது இதை வாசிக்கலாம்.

அந்த நாட்களில் நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "ஆண்டவரே, யாராவது ஒருத்தர் எனக்காகவே என்னைத் தேடி வரணும்." பெரிய பெரிய காரியங்களைக் கேட்கத் தெம்பில்லை.

ஒருத்தரும் வரவில்லை. நான் எழுத ஆரம்பித்தேன்.

வேதப் புத்தகத்தின் கடைசியில் ரோமாபுரி சாம்ராஜ்யத்தின் வரைபடம் இருக்கும். ஜெபிக்க வார்த்தை வராத நாட்களில் அந்தப் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். கோல்பார்க் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் ரோமர்களின் வீடு, சந்தை, நீதிமன்றம் பற்றி அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கிடைத்தது. துப்பறியும் கதை என்றால் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பைத்தியம். எல்லாம் சேர்ந்து ஒரு நாவலாக வளர்ந்தது. ரோமாபுரிக்குத் தானியம் இறக்கும் துறைமுகம். அங்கே ஒரு வியாபாரியை யாரோ அவன் வீட்டிலேயே கொன்றுவிடுகிறார்கள். அவனிடம் வேலை பார்த்த மார்க்குஸ் என்ற வாலிபனைப் பிடித்துச் சிறையில் போடுகிறார்கள். அவன் நிரபராதி. அப்படியென்றால் கொன்றது யார்? அது எழுதிய எனக்கே தெரியவில்லை. கதை பாதியில் நின்றுபோனது. மார்க்குஸைச் சிறையில் தள்ளிவிட்டு வெளியே எடுக்க வழி தெரியாமல் விழித்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தமிழ்ச் சபைப் பெண்கள் வீடு வீடாகக் கூடி ஜெபிப்போம். பெரும்பாலானவர்கள் இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு ஜெபம் தமிழில், டீ குடிக்கும்போது அரட்டை வங்காளத்தில். சிநேகிதமெல்லாம் அந்த அரட்டையில்தான் வளரும். நான் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன்.

கூட்டத்தில் சங்கிலி ஜெபம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஒருவர்பின் ஒருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். என் முறை வந்தால் ஒரு ஸ்தோத்திரம் சொல்லி முடித்துவிடுவேன். 1999-இல் ஒரு வெள்ளிக்கிழமை, காலையெல்லாம் கதையோடு மல்லுக்கட்டிவிட்டுப் போயிருந்தேன். மனதுக்குள் பேசுகிறோம் என்று நினைத்து வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"ஆண்டவரே, மார்க்குஸ் செய்யாத கொலைக்கு ஜெயிலில் கிடக்கிறான். அவனுக்கு யாருமில்லை. எனக்கு ஒரு வழி காட்டும்."

சுற்றிலும் "ஆமென்" என்று பலத்த சத்தம் வந்த பிறகுதான் திடுக்கிட்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததால் நானும் விட்டுவிட்டேன்.

அதன்பின் எல்லாரும் என்னிடம் அவ்வளவு பிரியமாக இருந்தார்கள். ஒருவர் மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தார். இன்னொருவர் பஸ் வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சிஸ்டர் வீட்டுக் கஷ்டத்தை நினைத்தருளும்" என்று வாராவாரம் ஜெபித்தார்கள். கலைந்துபோன கருவைச் சொல்கிறார்கள் என்றிருந்தேன். மனசு கொஞ்சம் இளகியது.

சில வாரம் கழித்து, கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஜாய்ஸ் அக்கா என் காதோரம் கேட்டார். கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர், வயதில் மூத்தவர்.

"தம்பிக்கு ஜாமீன் கெடச்சுதாம்மா?"

"எந்தத் தம்பிக்கு, அக்கா?"

"அதான், உன் தம்பி மார்க்குஸு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு, அடக்க முடியவில்லை. "ஐயோ அக்கா, அவன் ரோமாபுரிக்காரன். நான் எழுதுற கதையில வர்றவன்."

வேறு யாரும் சிரிக்கவில்லை. என் தம்பிதான் ஜெயிலில் இருக்கிறான் என்று நம்பி, குடும்ப மானம் என்று வெளியே மூச்சுவிடாமல் அத்தனை பேரும் வீட்டில் முழங்காலில் நின்றிருக்கிறார்கள். ஜாய்ஸ் அக்கா வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் வேறு.

"பச்சத் தண்ணி பல்லுல படாம இருந்தேன்டீ. ஒரு கதைக்கா?" என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் யார் வீட்டில் கூட்டம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரமும் சொல்லவில்லை. முன்பு இருந்த தனிமை ஒன்றுமே இல்லை என்றானது. கிடைத்ததைப் பறிகொடுத்த தனிமை அப்படி வலிக்கும். எழுதிய தாள்களைக் கட்டிப் பரணில் போட்டேன். மறுபடியும் பால்கனிக்குப் போக ஆரம்பித்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், தெருவில் முழங்கால் அளவு மழைத் தண்ணீர். கதவு தட்டும் சத்தம். பக்கத்து வீட்டில் என்று நினைத்து எழுந்திருக்கவில்லை. மறுபடியும் தட்டினார்கள். திறந்தால் ஜாய்ஸ் அக்கா. சேலை தொப்பலாக நனைந்து, மூன்று மாடி ஏறிய மூச்சு வாங்க நிற்கிறார்.

"அக்கா, இந்த மழையில..."

"பேசாத. கோவம் இன்னும் போகல எனக்கு." உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "முழங்கால் போட்டா அந்தப் பய பேருதான் வாயில வருது. நான் என்ன செய்ய? அவன் வெளிய வர்றானா இல்லையா, அத மட்டும் சொல்லு, போயிடறேன்."

"தெரியலக்கா. எழுதவே இல்ல."

"அப்ப எழுதினத படி. எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது."

பரணிலிருந்து தாள்களை இறக்கினேன். படிக்கப் படிக்க என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.  முடிந்ததும் அக்கா முகத்தைச் சேலையால் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"செத்தவனுக்குப் பொண்டாட்டி ஒருத்தி இருக்காள்ல?"

"ஆமா. துலியா."

"கொல நடந்தப்ப வீட்டுக்குள்ளதான இருந்தா? எல்லாரையும் விசாரிச்சாங்களே, அவகிட்ட ஒருத்தராவது ஒரு வார்த்த கேட்டாங்களா?"

கேட்கவில்லை. நாள் முழுக்க அந்த வீட்டுக்குள்ளேயே ஒருத்தி இருக்கிறாள். யார் வந்தார்கள், யார் போனார்கள், எல்லாம் அவளுக்குத் தெரியும். யாரும் கேட்காததால் அவள் சொல்லவில்லை. அவளைப் படைத்த எனக்கே அவளைக் கேட்கத் தோன்றவில்லை. நான் அழுதேன். அக்கா தேற்றவில்லை. எழுந்து போய் டீ போட்டார்.

துலியா பேசினாள். மார்க்குஸ் வெளியே வந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை அக்காவே என்னை இழுத்துக்கொண்டு போனார். ஜெபம் முடிந்ததும் வாரம் ஒரு அத்தியாயம் வாசித்தேன். மார்க்குஸ் விடுதலையான அன்று எல்லாரும் சேர்ந்து ஸ்தோத்திரம் சொன்னார்கள். நாவல் சென்னையில் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்து, 2002-இல் புத்தகமானது. அதன்பின் இன்னும் சில எழுதிவிட்டேன். எல்லாம் ரோமாபுரிதான். எல்லாவற்றிலும் துப்புத் துலக்குகிறவள் துலியாதான்.

ஆண்டவர் எனக்குக் குழந்தை தரவில்லை. அதையும் மறைக்காமல்தான் சாட்சி சொல்கிறேன். கணவர் இன்னும் ஹால்தியா போய்வருகிறார். சபைக் குடும்பங்கள் பலவும் மாற்றலாகிப் போய்விட்டன. ஜாய்ஸ் அக்கா மகனோடு விசாகப்பட்டினத்தில் இருக்கிறார். வீடு இப்போதும் அமைதியாகத்தான் இருக்கிறது. ஆனால் பால்கனியில் இப்போது துணி காயப்போட மட்டுமே நிற்கிறேன். ஆண்டவருக்கே நன்றி.

பிரியமானவர்களே, அழகாக ஜெபிக்க வரவில்லை என்று வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். உளறினாலும் பரவாயில்லை, அவரை நம்பிச் சத்தமாக உளறுங்கள். உங்கள் கூட்டத்தில் டீ கப்பைப் பிடித்துக்கொண்டு சும்மா சிரித்துக்கொண்டிருக்கும் ஒருத்தி இருப்பாள். அவள் வீட்டுக்கு ஒருநாள் படியேறிப் போங்கள். தட்டினால் உடனே திறக்க மாட்டாள், தனக்காக இருக்காது என்று நினைப்பாள். திரும்பிப் போய்விடாமல் இன்னொரு தரம் தட்டுங்கள்.